மேடைக்கு அடியில் பதினொன்று புள்ளி நாலு

மதுரையில் ஒரு கடல் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியின் பின்பக்கத்தில், தகரக் கொட்டகைக்குள், இருபத்தைந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்துக்கு அது கிடந்தது. ஒரு கோடியில் மோட்டார் வைத்த இரும்புப் பலகை முன்னும் பின்னும் ஆடும், அலை கிளம்பும். மறு கோடியில் கொட்டிவைத்த சரளைக்கல் சரிவில் ஏறி அந்த அலை ஓய்ந்துபோகும். ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "குடிக்கத் தண்ணியக் காணோம், இவய்ங்க கடல் விட்டு வெளையாடுறாய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. மழை பொய்த்து, வைகை வெறும் மணலாகக் கிடந்தது. அவர்கள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

அந்தக் கடலுக்கு இரண்டு பேர் காவல். ஒருவன் துளசிராம். இளம் விரிவுரையாளன், இருபத்தொன்பது வயது, வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. வீட்டில் சௌராஷ்டிர பாஷை, வெளியில் தமிழ், கரும்பலகையில் இங்கிலீஷ் என்று மூன்றையும் பிசகாமல் ஓட்டுகிறவன். இன்னொருவர் நல்லகாமன். ஆய்வுக்கூட மெக்கானிக். கீழக்குயில்குடிக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். மோட்டார் சத்தம் மாறினால் கேன்டீனில் இருந்தே கண்டுபிடித்துவிடுவார். இங்கிலீஷ் தெரியாது. துளசிராம் அவரை 'அண்ணே' என்பான், அவர் இவனை 'சார்' என்பார்.

பம்பாய்க் கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஒன்று, மிதக்கும் மேடை கட்டத் திட்டம் போட்டு, அதன் சின்ன உருவத்தை அந்தத் தொட்டிக்கு அனுப்பியிருந்தது. நாலு தூண், தூண்களுக்குக் கீழே இரண்டு மிதவை, மேலே ஒரு தட்டு. நிஜ அளவில் நூற்றில் ஒரு பங்கு. இங்கே ஒரு சென்டிமீட்டர் என்றால் அங்கே ஒரு மீட்டர். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான். பெரிய அலை தூண்களுக்கு நடுவே நுழையும்போது நெருக்கத்தில் தண்ணீர் மேலே எகிறும். எவ்வளவு எகிறும்? தட்டின் அடிப்பக்கம் தண்ணீரில் இருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அதைத் தொடுமா, தொடாதா? நிஜ மேடையில் அந்தத் தட்டின் மேல்தான் எண்பது பேர் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கப் போகிறார்கள். கீழிருந்து முட்டும் அலை தட்டைப் பெயர்க்கும், தூங்குகிறவர்களையும் சேர்த்துப் பெயர்க்கும்.

வருகிற அலையைத் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிய ஸ்கேலில் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். மேடைக்கு அடியில் கண் போகாது. அதற்குத்தான் கம்பி. தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான இரண்டு எஃகுக் கம்பிகள், தட்டில் போட்ட துளை வழியாக மேலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அவற்றுக்கு நடுவே தண்ணீர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடும். தண்ணீர் ஏறினால் மீட்டரில் முள் ஏறும், இறங்கினால் இறங்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முள் எவ்வளவு ஏறினால் எத்தனை சென்டிமீட்டர் என்பது தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் மாறினால் கணக்கு மாறும். அதனால் தினமும் காலையில், தண்ணீர் மாற்றினால் மறுபடியும், கம்பியைத் தட்டில் இருந்து கழற்றித் தொட்டி விளிம்பில் உள்ள ஸ்டாண்டில் மாட்டி, அசையாத தண்ணீரில் ஒவ்வொரு சென்டிமீட்டராக இறக்கிப் பார்த்து எழுத வேண்டும். காலிபரேஷன் என்று பெயர். ஒருவர் இறக்க வேண்டும், ஒருவர் முள்ளைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். முழுசாய் முக்கால் மணி நேரம் தின்றுவிடும். நல்லகாமன் இறக்குவார், துளசிராம் எழுதுவான்.

ஏப்ரல் மாதத்து ஒரு புதன்கிழமை. முந்தின ராத்திரி தொட்டியின் மூலையில் சிமெண்ட் விட்டுப்போய், விடிவதற்குள் பாதித் தண்ணீர் வெளியே ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை பம்பாயில் இருந்து கம்பெனி ஆள் வருகிறார். நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி விரிசலைப் பூசினார். கல்லூரியின் போர்க் கிணறு ஒரு சொட்டு விடாமல் கையை விரித்துவிட்டதால், லாரித் தண்ணீருக்குச் சொல்லியனுப்பினார்கள். மூன்று லாரி வந்து கொட்டி முடிக்கும்போது மணி பதினொன்றரை.

நல்லகாமன் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். அந்தக் கோடையில் மதுரைச் சுற்றுப்புறத்தில் யார் கையில் தண்ணீர் விழுந்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

"சார், இது நல்ல தண்ணி. நம்ம போர்ல வார உப்புத் தண்ணி இல்ல. எங்கூர்ப் பக்கம் தோட்டத்துக் கெணறா இருக்கும், இம்புட்டு ருசியா இருக்கு. தண்ணி மாறிப்போச்சே சார்."

துளசிராம் கடிகாரத்தைப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் ஐந்து வித அலையை விட்டு ஐந்து ஓட்டம் ஓட்டியாக வேண்டும். கூட இரண்டு கடைசி வருஷ மாணவர்கள் நின்றார்கள்.

"அண்ணே, நம்ம என்ன குடிக்கவா போறோம்? அலைக்கு உப்பு என்ன, சர்க்கரை என்ன? வேணும்னா சொல்லுங்க, எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரச் சொல்றேன்."

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்லகாமனும் சிரித்தார், ஒரு நொடி கழித்து. பிறகு மோட்டார் பக்கம் போய்விட்டார்.

துளசிராமுக்குத் தெரியாததா? உப்பு குறைந்தால் முள் குறைவாகத்தான் ஏறும் என்று அவனே வகுப்பில் பாடம் எடுத்தவன். 'கண்டக்டிவிட்டி மாறிவிட்டது' என்று யாராவது இங்கிலீஷில் சொல்லியிருந்தால் துள்ளி எழுந்திருப்பான். சொன்னது ஒரு மெக்கானிக், அதுவும் வாயில் ருசி பார்த்துவிட்டு. அது ஊர்ப் பேச்சாக அவன் காதில் விழுந்தது, அறிவியலாக விழவில்லை. அவனைப் போல் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அதோடு விட்டிருந்தால் மறதி என்று மன்னித்துவிடலாம். அவன் நோட்டைத் திறந்தான். முந்தின நாள் பக்கத்தைப் பார்த்து அன்றைய பக்கத்தில் எண்களை எழுதினான். அப்படியே எழுதினால் தெரிந்துவிடுமே, அதனால் கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாற்றினான். மூன்று இருந்த இடத்தில் நாலு, ஏழு இருந்த இடத்தில் ஆறு. மேலே நேரம்: காலை 8.15. கீழே கையெழுத்து. எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம்.

ஓட்டம் நடந்தது; எல்லோர் கண்ணும் மீட்டர் முள்ளின் மேல், மேடைப் பக்கம் யாரும் காது கொடுக்கவில்லை. பெரிய அலைக்கு மேடைக்கு அடியில் பதினொன்று புள்ளி நாலு என்று கணக்கு வந்தது. தட்டு பதினைந்தில். மூன்றரை சென்டிமீட்டர் காலி இடம், அதாவது கடலில் மூன்றரை மீட்டர். அட்டகாசம். சாயங்காலம் மேடையை ஓரம் கட்டும்போது நல்லகாமன் தட்டின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"அடியில ஈரமா இருக்கு சார்."

"தெறிச்சிருக்கும்ணே" என்றான் துளசிராம்.

வெள்ளிக்கிழமை பம்பாய் ஆள் வந்தார். பெயர் அழகுமலை, பூர்வீகம் மேலூர்ப் பக்கம், இருபது வருஷமாகப் பம்பாயில். துறைத் தலைவர் பேராசிரியர் வெள்ளைத்துரை அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார். துளசிராம் வரைபடங்களை விரித்து விளக்கினான். அழகுமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஒரு தடவை ஓட்டிக் காமிங்களேன்" என்றார்.

நல்லகாமன் சுவிட்சைப் போட்டார். ஐந்தாவது அலையோ ஆறாவது அலையோ தூண்களுக்கு நடுவே புகுந்தது. டப் என்று ஒரு சத்தம். அடுத்த அலைக்கும் டப். அழகுமலை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து துளசிராமின் வரைபடத்தைப் பார்த்தார்.

"பதினொன்னரைகூட வரலைன்னு போட்டிருக்கீங்க. இது தட்டுல முட்டுதே தம்பி?"

துளசிராமுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உப்பு, லாரி, எலுமிச்சம்பழம், எட்டேகால் மணி, எல்லாம். 'காலிபரேஷன் செய்யவில்லை சார், தப்பு என்னுடையது' என்று சொல்லப் பத்து விநாடி போதும். சொல்லியிருக்கலாம். அவன் வாயில் இருந்து வந்தது வேறு.

"புதன்கிழமை காலையிலயே காலிபரேஷன் முடிச்சிட்டேன் சார். அதுக்கப்புறம் விட்ட தண்ணி வேற தண்ணி போல. எனக்கு யாரும் சொல்லல."

யாரும் என்றால் யார்? அந்தக் கொட்டகையில் தண்ணீர் விடுகிற ஆள் ஒருவர்தான். வெள்ளைத்துரை திரும்பினார்.

"என்ன நல்லகாமா, சார்ட்டச் சொல்லலையா நீ?"

மாணவர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுடைய செய்முறை மதிப்பெண் துளசிராம் கையில் இருந்தது. நல்லகாமன் துளசிராமைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. கணக்குப் புரியாத பையன் வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மோட்டாரை அணைத்தார்.

"தப்புத்தான் சார்" என்றார்.

சனிக்கிழமை முறையாகக் காலிபரேஷன் செய்து திரும்ப ஓட்டினார்கள். பதினைந்து புள்ளி இரண்டு வந்தது. தட்டை உயர்த்தித்தான் ஆக வேண்டும். அழகுமலைக்குப் பரம சந்தோஷம். "சத்தம் கேட்ட மறு நிமிஷம் காரணத்தைப் பிடிச்சீங்க பாருங்க, அங்க நிக்கிறீங்க தம்பி" என்று துளசிராமின் முதுகில் தட்டினார். அன்று கம்பியை இறக்கியது ஒரு மாணவன். நல்லகாமனுக்கு மெமோ கொடுத்து, விடுதியின் பம்ப் ரூமுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

வீட்டில் அவன் மனைவி ரங்கநாயகி, பம்பாய் ஆள் மெச்சிய கதையை அதற்குள் யார் மூலமோ கேள்விப்பட்டுத் தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். வேலை நிரந்தரம் ஆகிவிடும் என்று அவளுக்கு உறுதி. புளியோதரை கிளறிப் பரிமாறினாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்றான். தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசி, மறுநாள் சவரம் செய்யாமல் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதானே என்று அவள் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பம்ப் ரூமுக்குப் போனான். எட்டுக்கு எட்டு அறை. நடுவே பம்ப், சுவரெல்லாம் கிரீஸ், உட்கார ஒரு டின். நல்லகாமன் அந்த டின்னைத் துடைத்து அவன் பக்கம் தள்ளினார்.

"வாங்க சார், உக்காருங்க. இங்க ஒண்ணும் வேலையே இல்ல சார். காலையில ஒரு தடவ போடணும், சாந்தரம் ஒரு தடவ போடணும். தண்ணி இருந்தா ஓடும், இல்லாட்டி இல்ல."

"அண்ணே, நீங்க என்கிட்டச் சொன்னீங்க. நான்தான்..."

"சொன்னேன் சார். ஆனா ஒரு தடவதான் சொன்னேன்." நல்லகாமன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரெண்டாந்தடவ அழுத்திச் சொல்லியிருக்கணும். அந்தப் பயலுக சிரிச்சாய்ங்களா, எனக்கு வெக்கமாப் போச்சு. படிச்சவுக சொல்றாகளே, நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன். அடி நனைஞ்சு கெடந்தப்பவும் விட்டுட்டேன். எம்பது பேரு படுத்துக் கெடக்குற எடமாம்ல சார் அது? நெனைச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டேன். ஒங்களுக்காகன்னு நெனைக்காதீக."

துளசிராம் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். திட்டு வாங்கினால் கொஞ்சம் பாரம் குறையும் என்றும் ஒரு மூலையில் கணக்குப் போட்டிருந்தான். தான் பட வேண்டிய வெட்கத்தை இந்த மனிதர் பட்டுக்கொண்டிருக்கிறார். அவனால் அந்த டின்னில் உட்கார முடியவில்லை. "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனான்.

வெள்ளைத்துரை அவன் சொன்னதை முழுசாகக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. மேஜை இழுப்பறையில் இருந்து காலிபரேஷன் நோட்டை எடுத்து, அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"எட்டேகால்னு எழுதியிருக்க. எட்டேகாலுக்குத் தொட்டியில பாதித் தண்ணி. லாரி சீட்டுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாண்டுல மாட்டுன கம்பி அந்தரத்துல தொங்கியிருக்கும். அந்தரத்துல எப்படிய்யா காலிபரேஷன் பண்ணுன?"

வெள்ளைத்துரையே நோட்டை மூடினார்.

"வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். லெக்சரர் பொய்யா எழுதுனான்னா அது காலேஜோட தப்பு. மெக்கானிக் சொல்ல மறந்தான்னா அது மெக்கானிக் தப்பு. ப்ராஜெக்ட் போச்சுன்னா அந்தக் கொட்டகையவே பூட்ட வேண்டியதுதான். கணக்கைத் திருத்தியாச்சு, தட்டை ஒசத்தப் போறாங்க. எவனுக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு வருஷம் கழிச்சு நல்லகாமனை நானே திரும்ப லேபுக்கு எடுத்துக்கிறேன். போய் வேலையப் பாரு."

வெளியே வந்தபோது துளசிராமுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. சொல்லியாயிற்று, பெரியவரே வேண்டாம் என்றுவிட்டார், இனி நம் கையில் இல்லை. மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அந்த நிம்மதியே அவனைக் குத்த ஆரம்பித்தது. தப்பு செய்தபோதுகூடத் தன்னை அவ்வளவு அற்பமாக நினைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்து மேஜையில் அறிக்கை தயாராக இருந்தது. அழகுமலை அன்று மத்தியான ரயிலுக்குக் கிளம்புகிறார். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டவர், கடைசித் தாளில் நிறுத்தினார்.

"புதன்கிழமை ரீடிங்கை ஏன் தள்ளினோம்னு ஒரு விளக்கம் போடணும். எங்க ஆபீஸ்ல கேப்பாங்க. 'மெக்கானிக்கின் கவனக்குறைவால்'னு போட்டு, அவர் பேரையும் சேர்த்துடுங்க. அவர் பேர் என்ன தம்பி? நீங்களே உங்க கையால எழுதிடுங்க."

தாளை அவன் பக்கம் திருப்பி, பேனாவையும் கொடுத்தார். வெள்ளைத்துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். துளசிராம் பேனாவைப் பிடித்தான். முதல் எழுத்தைப் போட்டான். அன்று பேனா பிடித்த அதே கை, அதே மேஜை. நோட்டில் மூன்றை நாலாக்கியதும் இங்கேதான். எட்டேகால் மணியை எழுதியது பொய்தான், ஆனால் அதில் யார் பெயரும் இல்லை. இது அச்சாகும். பம்பாயில் அலமாரியில் இருக்கும். கீழக்குயில்குடியில் ஒரு மனிதர் செய்யாத தப்பு, அவர் படிக்கவே முடியாத பாஷையில், அவர் செத்த பிறகும் இருக்கும்.

அவன் எழுதிய எழுத்தை அடித்தான்.

"அவர் சொன்னார் சார். தண்ணி மாறிடுச்சுன்னு என்கிட்டச் சொன்னார். நான் கேலி பண்ணினேன். அன்னைக்குக் காலிபரேஷன் நான் பண்ணவே இல்ல. முந்தின நாள் எண்ணைப் பார்த்து எழுதினேன். வெள்ளிக்கிழமை உங்க முன்னாடி பழியை அவர் மேல போட்டேன்."

வெள்ளைத்துரை திரும்பவில்லை. அழகுமலை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதுகில் தட்டிய மனிதர் காணாமல் போய், பம்பாய்க் கம்பெனியின் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"சரி. நாப்பத்து ரெண்டு நாள் ரீடிங் இருக்கு இந்த அறிக்கையில. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. வேற எந்த நாள்ல இப்படி எழுதுனீங்க?"

துளசிராம் தான் அடித்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்களைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. கம்பியை இறக்குனவர் யார்? அந்த மெக்கானிக்தானே? அவரைக் கூப்பிடுங்க. அவர் சொன்னா நான் நம்புறேன்."

நல்லகாமன் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டார். துளசிராம் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைத்தான் துளசிராமால் தாங்க முடியவில்லை.

"அந்த ஒரு நாள்தான் சார்" என்றார் நல்லகாமன், உறுதியாக. "மத்த நாளெல்லாம் நான்தேன் கூட நின்னு எறக்குனேன். ஒரு சென்டிமீட்டர் விட்டதில்ல. சார் அப்படிப்பட்ட ஆளு இல்லங்க. அன்னைக்கு என்னமோ அவசரம், புத்தி தடுமாறிட்டாரு. மத்த கணக்கெல்லாம் சுத்தம். நான் சத்தியம் பண்ணுறேன்."

அழகுமலை பேனாவைக் கையில் எடுத்தார். அவருக்கு அது போதும். வெள்ளைத்துரை நிம்மதியாக மூச்சு விட்டதுகூடக் கேட்டது. எல்லாம் முடிந்த மாதிரிதான்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இதுவரைக்கும் உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் துளசிராம் அதைத் தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. மார்ச் பதினேழாம் தேதி. நல்லகாமன் அக்கா மகளின் காதுகுத்துக்காகக் கருமாத்தூர் போயிருந்தார். மாணவர்கள் யாரும் வரவில்லை. தனியாக ஸ்டாண்டில் மாட்டி இறக்கி, ஓடி வந்து முள்ளைப் பார்த்து எழுத அவனுக்குச் சோம்பலாக இருந்தது. அன்றும் முந்தின பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதினான். அன்று எந்த லாரியும் வரவில்லை, எந்த அவசரமும் இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் கோளாறும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும், நல்லகாமனின் சத்தியம் அவனைக் கரையேற்றிவிடும்.

"மார்ச் பதினேழு ரீடிங்கையும் தள்ளிடுங்க சார்" என்றான் துளசிராம். குரல் அவனுக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னான். "மார்ச் பதினேழு. அன்னைக்கும் நான் பண்ணல."

நல்லகாமன் விரல் விட்டு எண்ணுவதுபோல் எதையோ யோசித்தார்.

"அன்னைக்கு நான் இல்லையே சார். நான் லீவுல..."

"ஆமாண்ணே" என்றான் துளசிராம். "நீங்க இல்ல. அதனாலதான்."

நல்லகாமன் பழந்துணியை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். வெள்ளிக்கிழமை பழி விழுந்தபோதுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை. சத்தியம் பண்ணியவர் அவர்.

"அப்ப அந்த நாள் ஓட்டத்தயும் மறுபடி ஓட்டணும்" என்றார் கடைசியில். "எத்தன மணிக்கு மோட்டாரப் போடட்டும் சார்?"

கேட்டது அழகுமலையிடம். துளசிராம் பக்கம் அவர் திரும்பவே இல்லை.